பத்து மணிக்குக் கறுக்கும் திரை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று யோசிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் விழும். அந்தத் தை மாதம் பக்கத்தில் இருந்தது கம்ப்யூட்டர்.

எங்கள் வீடு கீரமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி, தென்னைக்கு நடுவில் இருக்கிறது. கணவர் குவைத்தில் ஒரு பெரிய கடையின் குடோனில் வேலை பார்க்கிறார். மகளைக் காலையில் பள்ளிக்கூட வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் விடிந்தால் தோட்டத்துக்குப் போவார், சாப்பாட்டுக்கு வருவார், மறுபடி தோட்டத்துக்குப் போவார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்ததும் நின்றது, பிறகு போகவே இல்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வருஷம் அதுபாட்டுக்கு ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கேள்வித்தாள் அடிப்பதற்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் மேல்துண்டு போர்த்திக்கொண்டு முன்னறை மூலையில் உட்கார்ந்திருந்தது. அதில் மகள் படம் வரைவாள். நான் வாரம் ஒரு தடவை தூசி துடைப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் கூடப் படித்த தோழி ஒருத்தி மூலமாக அந்த வேலையின் சேதி வந்தது. சென்னையில் பாடப் புத்தகங்கள் தயாரிக்கிற ஒரு நிறுவனம். வீட்டிலிருந்தபடியே பிழை திருத்தித் தர ஆள் தேடுகிறார்கள். ஒற்று மிகுமா மிகாதா, றகரமா ரகரமா என்று பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பஸ்ஸில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைக்கூட மனசுக்குள் திருத்திக்கொண்டு போகிறவள் நான். ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்ப்பார்களாம். காலை பத்து மணிக்குப் பக்கங்கள் வரும், ஒரு மணிக்குள் அவர்களுடைய தளத்திலேயே திருத்தி அனுப்ப வேண்டும். அந்தத் தளம் போனில் திறக்காது. சரியாகச் செய்தால் வேலை நமக்கு.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பசி பட்டினி ஒன்றும் இல்லை. ஆனால் எட்டரை மணிக்கு வேன் போன பிறகு, மதியச் சோற்றுக்கு உலை வைக்கும்வரை, இந்த உலகத்தில் யாருக்கும் நான் தேவைப்படுவதில்லை. அது எப்படி இருக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

திங்கட்கிழமை தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, பத்து மணிக்கு உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் திருத்தியிருப்பேன். மெஷின் டப்பென்று நின்று தானாகவே மறுபடி கிளம்பியது. உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, பெட்டியின் முன்னால் பச்சை விளக்கு எரிந்தது, மானிட்டர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. அவ்வளவுதான். திரை கறுத்துப்போய்விட்டது.

அணைத்துப் போட்டேன். கறுப்பு. ஒயர்களையெல்லாம் பிடுங்கிச் சொருகினேன். கறுப்பு. தட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கடைசியில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். என் முகம்தான் அந்தத் திரையில் தெரிந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி ஓடுகிறது. அவசர அவசரமாக மீதியைத் திருத்தி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. பத்து மணி தாண்டியதும் படுத்துக்கொண்டது.

சென்னையில் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் போனில் மரியாதையாகத்தான் பேசினார். கரண்ட் போச்சு, சிஸ்டம் போச்சு என்று எல்லோரும் சொல்வார்கள், அதனால் அவர்களால் காத்திருக்க முடியாது என்றார். இந்த வாரத்தை விட்டுவிடலாம், அடுத்த திங்களிலிருந்து புதிதாக ஒரு வாரம் தருகிறேன், அதிலும் ஒரு நாள் தவறினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

புதன்கிழமை கீரமங்கலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியைச் சாக்கில் கட்டி, வண்டியின் முன்னால் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனேன். கடைவீதியில் பூக்கடைகளுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். வாய் மூடமாட்டார். கதையைக் கேட்டுக்கொண்டே பெட்டியைத் தன்னுடைய மானிட்டரில் மாட்டிப் போட்டார். பளிச்சென்று வந்தது.

“நல்லாத்தானேக்கா இருக்கு,” என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி மானத்தை வாங்கியது அந்தப் பெட்டி. வந்ததற்கு அவரும் ஏதாவது செய்ய வேண்டுமில்லையா, பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் பித்தளைப் பல்லையெல்லாம் தேய்த்து மாட்டினார். ஊர் உலகத்தில் முக்கால்வாசிக் கம்ப்யூட்டர் இதில்தான் பிழைக்கிறது என்றார். எனக்கும் நம்பிக்கை வந்தது. வீட்டுக்கு வந்து சாயங்காலம் போட்டேன், ஓடியது. வியாழக்கிழமை பத்து மணிக்குக் கறுத்துவிட்டது.

அன்றைக்கே மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டும் சேர்ந்து கடையில் ஜம்மென்று ஓடின. அவர் ஒயரை மாற்றிக் கொடுத்தார். தலையைச் சொறிந்தார். பிறகு, கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்ற பீடிகையோடு, கம்ப்யூட்டர் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டார். வடமேற்கு என்றேன். அது வாயு மூலை, அங்கே எதுவும் நிலைக்காது, தென்கிழக்குக்கு மாற்றிக் கிழக்கு பார்த்து உட்காருங்கள் என்றார். ரேமுக்கு ரப்பர் போட்ட மனுஷர் இப்போது வாஸ்துவுக்குப் போய்விட்டார். நீங்கள் படித்தது கம்ப்யூட்டரா ஜோசியமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கேட்டுவிட்டு வந்தேனே தவிர, வந்ததும் மேசையைத் தென்கிழக்கு மூலைக்கு இழுத்துப்போட்டேன். என்ன செய்வது, ஆசை யாரை விட்டது. அன்று சாயங்காலம் ஓடியது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக்கூட ஓடியது. அப்படியானால் இத்தனை நாள் மூலைதான் கெடுத்திருக்கிறது என்று அந்த மூலையைத் திரும்பிப் பார்த்து முறைத்தேன். பத்தேகாலுக்குத் திரை கறுத்தது.

தை மாதப் பனி உள்ளே இறங்குகிறதோ என்று அன்று ராத்திரி பெட்டிக்குக் கம்பளி போர்த்தியதையும் சொல்லிவிட வேண்டும். மகள் பார்த்துவிட்டு, அதற்கு விக்ஸ் தேய்க்கவில்லையா என்று கேட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு வழக்கத்தைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். மாமனாரும் நானும் பேசிக்கொள்வதில்லை. சண்டை கிடையாது. அவர் சுபாவத்தில் கூச்சக்காரர். நான் வந்த நாளிலிருந்து என்னிடம் சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வார், மாமியார் என்னிடம் சொல்வார்கள். நானும் அப்படியே. முந்தின வருஷம் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, நடுவில் இருந்த அந்த ஆள் இல்லாமல் போனது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். குழம்பு போதும் என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அந்த இடத்துக்குத்தான் என் கணவர் வந்து சேர்ந்தார், குவைத்திலிருந்துகொண்டே. ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தால் மாமா தோட்டத்தில் உட்கார்ந்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். மகன் அதை மறுநாள் எனக்குச் சொல்வார். அதற்குள் நான் வேறு ரசம் வைத்திருப்பேன். தேங்காய் வெட்ட ஆள் வருகிறது, கூடச் சோறு வேண்டும் என்கிற சேதி, கொல்லையிலிருந்து அடுப்படிக்கு வர அரபு நாட்டுக்குப் போய்த் திரும்பியது. நான் சத்தம் போடுகிற ஆள், அவர் வாய் திறக்காத ஆள். இரண்டு பேருக்கும் இது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் மாமியார் இல்லாத வீட்டில் ஒரு மனுஷருக்குச் சோறு போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

கம்ப்யூட்டர் கதையையும் நான் தினம் குவைத்துக்குத்தான் ஒப்பித்தேன். அவர் பாவம், வேலை நடுவே கேட்டுவிட்டு, வேறு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்பார். வேறு வாங்கி அதுவும் கறுத்தால் என்ன செய்வது என்று அவரிடமும் கத்துவேன். மாமாவிடம் சொல்ல வேண்டாம், மருமகள் ஒரு வேலையைக்கூட ஒழுங்காகப் பார்க்க மாட்டாள் என்று நினைப்பார் என்று கண்டிஷன் வேறு போட்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்தரை. திரை கறுத்துத்தான் கிடந்தது. திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. சென்னைக்குப் போன் போட்டு, எனக்கு இது சரிப்படாதுங்க என்று சொல்லிவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது போனில் கணவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தால் குரல் அவருடையது அல்ல. மாமாவுடையது.

“தம்பி, மோட்டாரு தண்ணி எடுக்க மாட்டேங்குதுப்பா. டூ பேஸ்ல கண்டன்சர் போட்டுத்தான் ஓட்டுறேன், தண்ணி நூலாட்டம் வருது. நான் பத்து மணிக்கிப் போட்டா, அந்தப் புள்ளையும் கதவச் சாத்திக்கிட்டு அந்தப் பொட்டியப் போட்டுருது. அதுதான் கரண்ட எல்லாம் உறிஞ்சுது போல. அதுக்கிட்ட ஒண்ணும் சொல்லிறாத. ஏதோ வேலைக்கிப் படிக்கிது, பாவம். நட்ட நாத்து வாடுது, அதான் கேட்டேன்.”

பின்னால் தெரிந்தது, ஊரில் மோட்டார் வேலை தெரிந்த பங்காளி ஒருவருக்கு அனுப்ப நினைத்து என் கணவர் விரல் தவறி எனக்கு அனுப்பிவிட்டிருக்கிறார். அந்த நிமிஷம் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. முதலில் வந்தது கோபம்தான். ஒரு பொட்டிக் கம்ப்யூட்டர் தோட்டத்துக் கரண்டை உறிஞ்சுதாமே. அப்புறம் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். பத்து மணி என்ற சொல்லில் நின்றேன்.

டூ பேஸ் விஷயம் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது எப்போதும் இருக்காது. இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வருகிற இரண்டு முனையிலேயே, மூன்றாவதற்கு ஈடாக ஒரு கண்டன்சரை மாட்டி மோட்டாரை ஓட்டிவிடுவார்கள். அப்படி ஓட்டக் கூடாது. லைன்மேன் பார்த்தால் வில்லங்கம். அதனால் செய்கிறவர்கள் வெளியே சொல்வதில்லை. ஓட்டினால் அந்த லைனில் வோல்டேஜ் தரைக்கு வந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமைதான் மாமா தோட்டத்துக் கடைசியில் கனகாம்பர நாற்று நட்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து தினம் தண்ணீர் விட்டிருக்கிறார்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். போருக்குள் கிடக்கிற மோட்டார், சத்தம் வெளியே வராது. கொட்டகை தோட்டத்துக் கடைசியில் இருக்கிறது. தை மாதக் குளிரில் ஃபேன் போடுவதில்லை, போட்டிருந்தால் அது தள்ளாடுவதைப் பார்த்திருப்பேன். இப்போதைய எல்இடி பல்பு வோல்டேஜ் பாதியானாலும் சிரித்துக்கொண்டே எரியும். ஓடிப்போய்ப் பின்கட்டில் ஃப்ரிட்ஜுக்கு மாட்டியிருக்கிற ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். அது சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜை நிறுத்தி வைத்திருந்தது. ஒரு வாரமாக அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

செருப்பைக்கூடப் போடாமல் தோட்டத்துக்கு நடந்தேன். மாமா மோட்டார்க் கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் சோம்பேறித்தனமாக வடிந்துகொண்டிருந்தது. நான் நேராக அவர் முன்னால் போய் நின்று, மோட்டாரை நிறுத்துங்கள் மாமா என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். உங்களைத்தான் மாமா என்றேன். எழுந்துபோய் ஸ்விட்சை அமுக்கி நிறுத்தினார். முகத்தில் குற்றம் செய்தவர் மாதிரி ஒரு களை. நான் போய் உங்களுக்குப் போன் போடுகிறேன், போடு என்று சொன்னால் போடுங்கள், நிறுத்து என்று சொன்னால் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். வந்தது. மாமாவுக்குப் போன் அடித்தேன். அவருடைய நம்பருக்கு நான் போன் போட்டது அதுதான் முதல் தடவை. எடுத்ததும் தம்பியா என்றார். இல்லை மாமா, நான்தான், போடுங்கள் என்றேன். போனில் கொட்டகையின் ஸ்விட்ச் விழுகிற சத்தம் கேட்டது. என் கண்முன்னே திரை கறுத்தது. நிறுத்துங்கள் என்றேன். மறுபடி கிளப்பினேன். வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லி, இன்னொரு தடவை கறுக்க வைத்து, இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னேன். கடைசித் தடவை மாமா, ஸ்டார்ட்டர் புகையுது என்று தணிந்த குரலில் சொன்னார்.

மறுபடி தோட்டத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். உங்கள் மோட்டார் ஓடினால் என் கம்ப்யூட்டர் ஓடாது, என் கம்ப்யூட்டரால் உங்கள் மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, அது குடிக்கிற கரண்ட் உங்கள் மோட்டாருக்குக் கொசுக்கடி என்றேன். ஒரு வாரமாக நான் பட்ட பாட்டைச் சொன்னேன். ரேமைத் தேய்த்தது, மேசையைத் திருப்பிப் போட்டது, கம்பளி போர்த்தியது எல்லாம். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறிவிட்டது. காலையில் வெள்ளன மோட்டாரைப் போட்டால் என்ன, ஏன் சரியாகப் பத்து மணிக்கு, என்று கேட்டுவிட்டேன்.

மாமா மண்வெட்டிக் காம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“காலையில போட்டா நீ மிக்சி போடுவ, கிரைண்டர் போடுவ. அது நின்னு போச்சுன்னா புள்ளைய அனுப்ப நேரமாயிரும்ல. எல்லா வேலையும் முடிஞ்சு நீ செத்த நேரம் சும்மா உக்காருற நேரம்னு பாத்துத்தான் பத்து மணிக்கிப் போட்டேன்.”

நான் சும்மா உட்காருகிற நேரம் எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டு மிக்சி நிற்கக் கூடாது என்பதற்காக அவர் நாற்றுக்கு வெயிலேறத் தண்ணீர் விட்டிருக்கிறார். இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசாத மனுஷர் என் நேரங்களை எல்லாம் இப்படி மனசில் வைத்திருக்கிறாரே என்று நினைத்தபோது, கோபித்துக்கொண்டு வந்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மிக்சி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை மாமா, சட்னியை முதல் நாளே அரைத்துவைத்துவிடுகிறேன், நீங்கள் விடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு மணிக்கு மேல் என்றாலும் சரி, நடுவில் மட்டும் வேண்டாம். அவர் தலையை ஆட்டினார்.

குவைத்திலிருந்து சாயங்காலம் போன் வந்தது. தப்பாக அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தார் என் கணவர். நானும் மாமாவும் பேசித் தீர்த்துக்கொண்டோம் என்றேன். யாரும் யாரும் என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேலை ஜோராக நடந்தது. மாமா ஆறு மணிக்கே மோட்டாரைப் போட்டு, நான் அடுப்பு மூட்டி முடிப்பதற்குள் பாய்ச்சி முடித்துவிடுவார். பத்து மணிக்கு வரும் பக்கங்களைப் பன்னிரண்டரைக்கே திருத்தி அனுப்பினேன். ஆறாம் வகுப்புப் பாடம் ஒன்றில் வாழ்த்துக்கள் என்றிருந்ததை வாழ்த்துகள் என்று திருத்தி, ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று எழுதினார். நன்றாயிருக்கிறது என்ற அந்த ஒரு சொல்லை அன்று முழுக்கத் தின்றுகொண்டிருந்தேன். சாப்பாட்டின்போது மாமா சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கொழம்பு போதும்த்தா என்று என்னைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார்.

சனிக்கிழமைதான் கடைசி நாள். அன்று பக்கங்களோடு நேர்முகமும் உண்டு. இரண்டு பேர் திரையில் வந்து நான் திருத்துவதைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே டிரான்ஸ்பார்மரில் ஏதோ வெடித்துக் கரண்ட் போனது. சனிக்கிழமை காலையும் வரவில்லை. அந்த ஆறு மணிப் பாய்ச்சல் போச்சு. முந்தின நாளும் சரியாகப் பாயவில்லை என்று மாமா சொல்லியிருந்தார். வெயில் அன்றைக்கென்று சுள்ளென்று ஏறியது. நான் லேப்டாப் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் யார் யார் என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் வந்தது. டூ பேஸ்தான்.

கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். நாற்று தலையைத் தொங்கப்போட்டிருக்கும் என்பது அந்த வெயிலைப் பார்த்தாலே தெரிந்தது. இன்னும் மூன்று மணி நேரம் அது தாங்காது. அந்தப் பாத்தி முழுக்க அவர் குனிந்து நட்டது. மாமாவைக் கூப்பிட்டு, நீங்கள் மோட்டாரைப் போடுங்கள், என் வேலை போனால் போகிறது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேனே ஒழிய வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், போடாமல் இருக்க வேண்டுமே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவரையும் காணோம். பத்து மணியாகிவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

திரையில் அந்த அம்மாளும், கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் வந்தார்கள். வணக்கம் சொன்னேன். பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு வரியைத் திருத்தும்போதும் இதோ கறுக்கப் போகிறது, இதோ கறுக்கப் போகிறது என்று எனக்குள் அடித்துக்கொண்டது. பெரியவர் ஏதோ சந்தி விதி கேட்டார். சொன்னேன். இன்னொன்று கேட்டார். அதற்கு அவரே சொன்ன விடை தவறு என்று எனக்குப் பட்டது, அதையும் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பத்தேகால் ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. திரை அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தை அனுப்பியதும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

கம்ப்யூட்டரை அணைக்கக்கூட இல்லை. எழுந்து தோட்டத்துக்கு ஓடினேன்.

மாமா பாத்திக்கு நடுவில் இருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கிற சிமென்ட் தொட்டியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் மொண்டு கொண்டுவந்து, ஒவ்வொரு நாற்றுக்கும் செம்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். முக்கால் பாத்தி ஈரமாயிருந்தது. கடைசி வரிசைகள் மட்டும் காய்ந்து கிடந்தன. மோட்டார்க் கொட்டகை பூட்டியிருந்தது, சாவி அவருடைய இடுப்பில் தொங்கியது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேனே, ஏன் மாமா கூப்பிடவில்லை என்று சத்தம் போட்டேன். பரீட்சை எழுதுகிற புள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்றார். கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வேலை கெடச்சிருச்சு மாமா,” என்றேன்.

அவர் செம்பைக் குடத்துக்குள் போட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். நிமிர்ந்து நன்றாக என்னைப் பார்த்தார். சந்தோஷம் என்று சொல்லவில்லை, ஆனால் முகம் முழுக்க அதுதான் இருந்தது. பிறகு, தெனமுமா என்று கேட்டார். தெனமும்தான் மாமா, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் என்றேன். சொன்ன பிறகுதான் அவரிடம் நான் எதைக் கேட்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. இன்னும் காய்ந்து கிடந்த வரிசைகளை அவர் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழமை?”

“ஞாயித்துக்கெழமை லீவு மாமா.”

“அப்ப ஞாயித்துக்கெழமை மட்டும் நான் பத்து மணிக்கிப் போட்டுக்கிறேந்த்தா,” என்றார், என்னிடம் அனுமதி கேட்கிற குரலில்.

நிலம் அவருடையது, போர் அவர் போட்டது, மோட்டார் அவர் வாங்கியது. போட்டுக்கங்க மாமா என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு குடத்தைத் தூக்கித் தொட்டிக்குப் போனேன். கடைசி வரிசைகளுக்கு இரண்டு பேருமாகத் தண்ணீர் ஊற்றினோம்.